ஒரு கைதியின் மருத்துவத்துக்கு ஒரு நாளைக்கு 5 ரூபாய்: சிறை மருத்துவத்தின் செலவையும் தரத்தையும் எப்படி மதிப்பிடுவது?

டீக்கடையில் ஒரு டீ குடிக்கவே பத்து ரூபாயைத் தாண்டி எடுத்து வைக்க வேண்டிய காலம் இது. 2019-20 நிதியாண்டில் இந்தியச் சிறைகளில் இருந்த ஒருவருடைய மருத்துவத்துக்கு ஒரு நாளைக்குச் செலவான தொகை சுமார் 5 ரூபாய்.

இந்த எண்ணை எந்த அமைச்சகமும் இப்படிச் சொல்லவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம், அதாவது என்சிஆர்பி, ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவர அறிக்கையில் இரண்டு வெவ்வேறு அத்தியாயங்களில் இருக்கும் இரண்டு எண்களை எடுத்து வகுத்தால் கிடைப்பது இது. வகுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் இந்த 5 ரூபாய் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

சிறை என்றால் தண்டனை பெற்றவர்கள் இருக்கும் இடம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்கு இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. அதனால் இது ஏதோ 'குற்றவாளிகளுக்கு நல்ல வைத்தியம் வேணுமா' என்கிற விவாதம் மட்டும் இல்லை. அரசு ஒருவரைப் பூட்டி வைத்த பிறகு, அவர் தானாக ஒரு டாக்டரிடம் போக முடியாத நிலையில், அவருடைய உடம்புக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

அந்த 5 ரூபாய் எப்படி வந்தது?

2019-20-ல் நாட்டின் எல்லாச் சிறைகளும் சேர்ந்து செலவழித்தது 5,958.3 கோடி ரூபாய். இதில் கைதிகளுக்காக நேரடியாகச் செலவானது 2,060.96 கோடி. மீதியில் பெரும்பகுதி ஊழியர் சம்பளம், கட்டடம், நிர்வாகம்.

கைதிகளுக்கான அந்தத் தொகையில் சாப்பாட்டுக்கு 986.18 கோடி. மருத்துவத்துக்கு 89.48 கோடி. சதவீதத்தில் சொன்னால் மருத்துவத்தின் பங்கு 4.3.

2019 இறுதியில் சிறைகளில் இருந்தவர்கள் 4,78,600 பேர். 89.48 கோடியை இவர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 1,870 ரூபாய், நாளுக்கு 5 ரூபாய் சொச்சம். இதே கணக்கில் சாப்பாட்டுக்கு நாளுக்கு 56 ரூபாய் வருகிறது.

இங்கே மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லியாகணும்.

ஒன்று, இதில் சிறை டாக்டர்கள், செவிலியர்களின் சம்பளம் சேராது. அது ஊழியர் செலவுக் கணக்கில் போகிறது. இரண்டு, கைதியை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கே ஆகும் ஆபரேஷன், ஸ்கேன், படுக்கைச் செலவெல்லாம் பெரும்பாலும் சுகாதாரத் துறையின் கணக்கில் கரைந்துவிடுகிறது. மூன்று, வருஷக் கடைசி நாளில் எண்ணிய தலைகளை வைத்து நான் வகுத்திருக்கிறேன். ஆனால் 2019-ல் மட்டும் சிறைக்குள் வந்தவர்கள் 18.86 லட்சம் பேர். ஒரு வாரம் இருந்துவிட்டு ஜாமீனில் போனவரும் அதில் உண்டு.

ஆக, 5 ரூபாய் என்பது மொத்தச் செலவு இல்லை. சிறைத் துறை தன் பையிலிருந்து மருந்து மாத்திரை போன்றவற்றுக்கு எடுத்து வைப்பது எவ்வளவு என்பதற்கான ஒரு தோராய அளவு. இந்தியாவில் ஒரு கைதியின் மருத்துவத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கேட்டால், இரண்டு துறைகளின் கணக்கையும் ஒன்றாக வைத்து விடை சொல்லும் ஒரு பக்கம் அந்த ஆண்டறிக்கையில் இல்லை. செலவை மறுபரிசீலனை செய்வதில் முதல் சிக்கலே இதுதான்.

அதற்குப் பிறகு செலவு கூடியிருக்கிறதா? மொத்தமாகக் கூடியிருக்கிறது. இந்திய நீதி அறிக்கை 2025-இன் கணக்குப்படி, ஒரு கைதிக்கான சராசரி ஆண்டுச் செலவு 2021-22-ல் 38,028 ரூபாயாக இருந்து, 2022-23-ல் 44,110 ஆனது. நாளுக்கு 121 ரூபாய். சாப்பாடு, துணிமணி, மருந்து, தொழிற்பயிற்சி எல்லாம் இதற்குள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி சிறை மாநிலப் பட்டியலில் வருகிறது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். ஆனால் பல மாநிலங்களின் விதிகளுக்கு அடித்தளம் இன்றும் 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம்தான்.

அந்தப் பழைய சட்டத்திலேயே சில விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. உள்ளே வரும் ஒவ்வொருவரையும் மருத்துவ அலுவலரின் உத்தரவுப்படி பரிசோதிக்கணும் (பிரிவு 24). டாக்டரைப் பார்க்கணும் என்று ஒரு கைதி கேட்டாலோ, பார்க்கும்போதே அவர் உடம்பு சரியில்லை என்று தெரிந்தாலோ, பொறுப்பில் இருக்கும் காவலர் தாமதிக்காமல் ஜெயிலரிடம் சொல்லணும் (பிரிவு 37). ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ, நோயாளிகளை வைப்பதற்குத் தகுந்த இடமோ இருக்கணும் (பிரிவு 39).

மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு இன்னும் கணக்காகச் சொல்கிறது. 300 கைதிகளுக்கு ஒரு டாக்டர். 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளர் அல்லது ஆலோசகர். சிறையின் அங்கீகரிக்கப்பட்ட கொள்ளளவில் 5 சதவீதம் பேருக்கு மருத்துவமனைப் படுக்கை.

கடைசி வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படுக்கைக் கணக்கு கொள்ளளவை வைத்துப் போடப்படுகிறது. உள்ளே இருக்கும் ஆட்களை வைத்து இல்லை. 2022-ல் இந்தியச் சிறைகளின் நெரிசல் 131.4 சதவீதம். 1,000 பேருக்கான சிறையில் 1,314 பேர் இருந்தாலும் விதிப்படி படுக்கை 50-தான்.

இது 'மாதிரி' கையேடு என்பதையும் மறக்கக் கூடாது. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் நடைமுறைக்கு வரும்.

சர்வதேச அளவில் ஐ.நா. பொதுச்சபை 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் இருக்கின்றன. வெளியே ஒரு சாதாரண குடிமகனுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், இலவசமாக, கைதிக்கும் மருத்துவம் கிடைக்கணும் என்கிறது 24-ஆவது விதி. மருத்துவ முடிவை டாக்டர்தான் எடுக்கணும்; சிறை அதிகாரி அதை மாற்றவோ தள்ளிவைக்கவோ கூடாது என்கிறது 27-ஆவது விதி.

எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள்?

இந்திய நீதி அறிக்கை 2025-இன்படி நாடு முழுக்கச் சராசரியாக 775 கைதிகளுக்கு ஒரு டாக்டர். சிறை மருத்துவ அலுவலர் பணியிடங்களில் 43 சதவீதம் காலி.

இதைத் தலைக்கணக்காக மாற்றிப் பார்த்தால் இடைவெளி புரியும். 5.73 லட்சம் பேருக்கு, 300-க்கு ஒருவர் வீதம், சுமார் 1,910 டாக்டர்கள் தேவை. 775-க்கு ஒருவர் என்றால் இருப்பது சுமார் 740 பேர். ஏறக்குறைய 1,170 பேர் குறைச்சல்.

வருஷத்துக்கு 18 லட்சம் பேருக்கு மேல் உள்ளே வருகிற ஓர் அமைப்பில், வருகிற ஒவ்வொருவரையும் டாக்டரே பரிசோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 740 டாக்டர்கள் என்றால், ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு பேர். அதுவும் நுழைவுப் பரிசோதனை மட்டும். அதற்குப் பிறகுதான் காய்ச்சல், சர்க்கரை, நெஞ்சுவலி, கோர்ட்டுக்கு மருத்துவ அறிக்கை எல்லாம்.

சராசரி இன்னொரு விஷயத்தையும் மறைக்கிறது. பெரிய மத்தியச் சிறைகளில் மருத்துவமனை, மருந்தாளுநர், ஆய்வகம் என்று ஏதாவது ஓர் அமைப்பு இருக்கும். தாலுகா அளவிலான கிளைச் சிறைகளில் பல நேரங்களில் பக்கத்து அரசு மருத்துவமனையிலிருந்து டாக்டர் வந்து போவதுதான் ஏற்பாடு. அவர் வராத ராத்திரியில் நெஞ்சுவலி வந்தால், அது நெஞ்சுவலியா, வாயுவா என்று முதலில் தீர்மானிப்பது ஒரு சிறைக் காவலர்.

மனநலத்தில் நிலைமை இன்னும் மோசம். அதே அறிக்கையின்படி நாடு முழுவதும் சிறைகளில் இருக்கும் உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து 25 பேர். ஏறக்குறைய 22,900 கைதிகளுக்கு ஒருவர். கையேட்டின் அளவுப்படி 1,100 பேருக்கு மேல் இருக்கணும்.

ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தும் ஏன் போக முடிவதில்லை?

சிறைக்குள் எக்ஸ்ரே, எக்கோ, சிறப்பு மருத்துவர் எல்லாம் இல்லை என்றால், வெளியே அரசு மருத்துவமனைக்கு அனுப்பணும். டாக்டர் பரிந்துரைச் சீட்டு எழுதிவிட்டால் மட்டும் போதாது. வழிக்காவலுக்குப் போலீசார் வேணும். வண்டி வேணும். சிறைக் கண்காணிப்பாளரின் அனுமதி வேணும். சில வழக்குகளில் நீதிமன்ற உத்தரவும் வேணும்.

வழிக்காவலுக்கு வருவது பொதுவாக ஆயுதப்படை போலீசார். அவர்கள் சிறைத் துறையின் கீழ் இல்லை. அமைச்சர் வருகை, தேர்தல், திருவிழா என்று வந்தால் முதலில் அங்கேதான் போவார்கள். அன்றைக்குக் கோர்ட்டுக்கு அழைத்துப் போக வேண்டிய கைதிகளுக்கே ஆள் போதாத நிலையில், இதய மருத்துவரிடம் வாங்கிய தேதி தள்ளிப்போகும். அடுத்த தேதி ஒரு மாதம் கழித்துக் கிடைக்கும்.

இந்தத் தாமதத்தின் விலை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அன்றைக்குச் செலவு மிச்சம் என்றுதான் பதிவாகும். ஒரு மாதம் கழித்து அதே ஆள் அவசர சிகிச்சைப் பிரிவில் சேரும்போது ஆகும் செலவு வேறொரு துறையின் கணக்கில் ஏறும்.

'இயற்கை மரணம்' என்றால் என்ன?

2022-ல் இந்தியச் சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர். இதில் 1,773 மரணங்களை 'இயற்கை' என்கிறது என்சிஆர்பி. அதாவது 89 சதவீதம். 159 மரணங்கள் 'இயற்கைக்கு மாறானவை'. அதில் 119 தற்கொலைகள்.

முதுமையால் இறந்தவர்கள், நோயால் இறந்தவர்கள் இருவருமே 'இயற்கை' என்ற தலைப்பில்தான் வருகிறார்கள். பெரும்பாலானவை நோயால் ஆன மரணங்கள். நாற்பது வயதில், மூன்று நாள் நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டே இருந்து, நான்காம் நாள் இறந்துபோனவரும் இதே தலைப்பில்தான்.

இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வந்தது இல்லை. 1,382 சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலை குறித்த வழக்கில் 2017 செப்டம்பர் 15 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சரியான அல்லது உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்காமல் ஒரு கைதி இறந்தால் அது இயற்கை மரணமா, இல்லையா என்று நேரடியாகவே கேட்டது. இந்த வேறுபாட்டை என்சிஆர்பி விளக்கணும் என்றும் சொன்னது. நீதிபதிகள் மதன் பி. லோகூர், தீபக் குப்தா அமர்வின் தீர்ப்பு அது. 2012 முதல் 2015 வரை இயற்கைக்கு மாறான முறையில் இறந்த கைதிகளின் குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைக்க, உயர் நீதிமன்றங்கள் தாமாக முன்வந்து வழக்குப் பதிவு செய்யணும் என்றும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் புரியும். 'இயற்கைக்கு மாறான' என்ற பட்டியலுக்குள் வந்தால்தான் அந்த இழப்பீட்டுக் கதவு திறக்கும். மருத்துவம் கிடைக்காமல் போனதால் நிகழ்ந்த மரணம் 'இயற்கை' என்று எழுதப்பட்டால், அந்தக் குடும்பம் கதவுக்கு வெளியே நிற்கும். ஒரு வகைப்பாட்டுச் சொல் அவ்வளவு வேலை செய்கிறது.

அப்படியானால் சிறையில் இறப்பு விகிதம் வெளியே இருப்பதைவிட அதிகமா? பலரும் கேட்கும் கேள்வி இது. நேரடியாக ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். 2022-இன் மரணங்களை அந்த ஆண்டு இறுதியில் இருந்தவர்களால் வகுத்தால் லட்சத்துக்குச் சுமார் 348. நாட்டின் பொதுவான இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 6, அதாவது லட்சத்துக்கு 600 அளவில் இருக்கும். 'பார்த்தீர்களா, சிறைதான் பாதுகாப்பு' என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் நாட்டின் எண்ணில் எண்பது வயதுப் பாட்டியும் பிறந்த குழந்தையும் இருக்கிறார்கள். சிறையில் இருப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் 18 முதல் 50 வயதுக்குள் இருப்பவர்கள். வயதுவாரியாகப் பிரித்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

காசநோய்: சுவருக்குள் நிற்காத நோய்

நெரிசல், காற்றோட்டமின்மை, சத்துக் குறைவு. காசநோய்க்கு வேண்டிய மூன்றும் சிறையில் உண்டு.

2023-ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு, 2019-ல் இந்தியச் சிறைகளில் லட்சத்துக்கு 1,076 பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்ததாக மதிப்பிட்டது. பொது மக்களிடையே அந்த எண் 210. ஐந்து மடங்கு. உலக அளவில் சிறைகளில் உருவாகும் காசநோய்களில் 53 சதவீதம்தான் கண்டறியப்படுகிறது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது.

கண்டறியப்படாதவர் என்றென்றைக்கும் உள்ளேயே இருக்கப்போவதில்லை. விசாரணைக் கைதி ஜாமீனில் வீட்டுக்குப் போவார். மனைவி, குழந்தை, பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எல்லோரும் அந்தச் சங்கிலியில் வருகிறார்கள். உள்ளேயே இருப்பவருக்கும் ஆபத்துதான்: ஆறு மாத சிகிச்சையின் நடுவில் வேறு சிறைக்கு மாற்றினாலோ, விடுதலையானாலோ, மருந்து நின்றுபோகலாம். பாதியில் நின்ற சிகிச்சை, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறும் வாய்ப்பு அதிகம். அதற்கு ஆகும் செலவு பல மடங்கு.

ஒரு சிப்பரின் கதை

தரம் என்றால் பெரிய கருவிகள் மட்டும் இல்லை என்பதற்கு ஊரறிந்த ஓர் உதாரணம் உண்டு.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடியினர் மத்தியில் பணியாற்றிய பாதிரியார் ஸ்டேன் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று கைதானார். அப்போது அவருக்கு 83 வயது. பார்கின்சன் நோயால் கை நடுக்கம். டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாததால், உறிஞ்சு குழலும் சிப்பரும் வேண்டும் என்று நவம்பரில் நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்ல என்ஐஏ 20 நாள் அவகாசம் கேட்டது. பிறகு, அப்படி எதையும் தாங்கள் கைப்பற்றவில்லை என்று பதில் சொன்னது. விஷயம் செய்தியாகி, பலர் தலோஜா சிறைக்கு சிப்பர்களைத் தபாலில் அனுப்பும் அளவுக்குப் போனது.

2021 மே மாத இறுதியில் பம்பாய் உயர் நீதிமன்ற உத்தரவின்படி மும்பையின் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கே கொரோனா தொற்று உறுதியானது. ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, 84 வயதில் இறந்தார். அவருக்கு இயன்ற எல்லா மருத்துவ உதவியும் அளிக்கப்பட்டது என்று வெளியுறவு அமைச்சகம் சொன்னது.

அந்த வழக்கின் சரி தப்பு வேறு விவாதம். நம் கேள்விக்கு இதில் முக்கியமான இடம் ஒன்றுதான். சில நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு பொருள், மருத்துவ அலுவலரின் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டியது, வாரக்கணக்கில் ஒரு சட்டப் பிரச்சினையாக ஓடியது. பணம் இல்லாததால் அது நடக்கவில்லை. முடிவெடுப்பது யார் என்கிற குழப்பத்தால் நடந்தது.

தரத்தை எப்படி அளப்பது?

மருத்துவத் தரத்தை மதிப்பிட உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் எளிய முறை இருக்கிறது. மூன்று கேள்விகள்: இருக்கிறதா? நடக்கிறதா? பலன் வந்ததா?

முதல் கேள்வி கட்டமைப்பு பற்றியது. டாக்டர், படுக்கை, மருந்து, ஆம்புலன்ஸ். நம்மிடம் இருக்கும் தரவு பெரும்பாலும் இது மட்டும்தான்.

இரண்டாவது, நடைமுறை. உள்ளே வந்தவர்களில் எத்தனை பேருக்கு முதல் நாளே பரிசோதனை நடந்தது? டாக்டரைப் பார்க்கணும் என்று சொன்னதிலிருந்து பார்த்த நேரம் வரை எத்தனை மணி ஆனது? வெளி மருத்துவமனைக்கு எழுதிய சீட்டுகளில், குறித்த தேதியில் போனது எத்தனை? வழிக்காவல் இல்லாமல் ரத்தானது எத்தனை? சர்க்கரை நோயாளியின் இன்சுலின் எத்தனை நாள் தடைப்பட்டது?

மூன்றாவது, பலன். காசநோய் சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் எத்தனை பேர்? இறந்தவர்களின் வயது என்ன, உள்ளே வந்து எத்தனை நாளில் இறந்தார்கள், கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தார்கள்? அந்த மரணம் தவிர்த்திருக்கக் கூடியதா?

இரண்டாவது, மூன்றாவது வகைக் கேள்விகளுக்கான விடைகள் இல்லாமல் இல்லை. சிறையின் புறநோயாளிப் பதிவேட்டிலும், வழிக்காவல் கோரிக்கைக் கடிதங்களிலும், மாஜிஸ்திரேட் விசாரணை அறிக்கைகளிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து, பெயர்களை நீக்கி, ஆண்டுக்கு ஒரு முறை வெளியிட்டாலே நிலைமை பாதி தெளிவாகும். டாக்டர் எண்ணிக்கையைப் போலவே, தள்ளிப்போன மருத்துவத் தேதிகளும் ஒரு மாநிலத்தின் மதிப்பெண்ணில் சேர வேண்டும்.

மனநலத்தில் ஒரு கருவி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆவது பிரிவின்படி, சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்பணும். மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவுக்குள் மனநல சிகிச்சை அமைப்பு இருக்கணும். இந்த அறிக்கைகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று கேட்பதே ஒரு நல்ல தொடக்கம்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஒரு பெரிய பிரிவினை: சிறை டாக்டருக்கு முதலாளி யார், சிறைத் துறையா, சுகாதாரத் துறையா?

நார்வே 1988-ல், பிரான்ஸ் 1994-ல், இங்கிலாந்து 2006-ல் சிறை மருத்துவத்தைப் பொதுச் சுகாதார அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டன. டாக்டர் ஜெயிலரின் கீழ் வேலை பார்க்காதபோது, 'இவரை இன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு' என்று தயங்காமல் எழுத முடியும் என்பது இதன் வாதம். உலக சுகாதார நிறுவனமும் இந்தப் பக்கம்தான். இங்கிலாந்திலும் நெரிசல், தற்கொலை, ரத்தாகும் மருத்துவத் தேதிகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அவை எண்ணப்படுகின்றன.

அமெரிக்காவில் 1976-இன் 'எஸ்டெல் எதிர் கேம்பிள்' தீர்ப்பு, கைதியின் கடும் மருத்துவத் தேவையை வேண்டுமென்றே அலட்சியம் செய்வது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றது. அதே நாட்டில் பல உள்ளூர்ச் சிறைகள் மருத்துவத்தைத் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் விடுகின்றன. ஆளுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசினால், அனுப்பாத ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் பயணமும் நிறுவனத்துக்கு லாபம். செலவைக் கட்டுப்படுத்தும் அதே ஏற்பாடு தரத்தையும் கடிக்கிறது. இங்கே யாராவது 'தனியாருக்குக் கொடுத்துவிடலாம்' என்று சொன்னால், முதலில் கேட்க வேண்டியது ஒப்பந்தத்தில் பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதைத்தான்.

சரி, இதற்கெல்லாம் செலவு கூடாதா?

சிலவற்றுக்குக் கூடும். 1,170 டாக்டர்களுக்குச் சம்பளம் கொடுக்கணும். ஆனால் இதில் ஒரு பகுதி, ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுக் காலியாக இருக்கும் பணியிடங்கள். பணம் மட்டும் தடை என்று சொல்லவும் முடியாது: 2019-20-ல் சிறைகளுக்கு ஒதுக்கிய 6,818.1 கோடியில் செலவானது 87 சதவீதம்தான்.

சிலவற்றுக்குக் குறையும். காணொளி மருத்துவ ஆலோசனை ஒழுங்காக நடந்தால், தோல் அரிப்புக்கும் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றவும் வழிக்காவல் தேவைப்படாது. அந்தப் போலீசாரும் வண்டியும் நெஞ்சுவலிக்காரருக்குக் கிடைப்பார்கள்.

மிகப் பெரிய சேமிப்பு மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறது. உள்ளே இருக்கத் தேவையில்லாதவர்களை வெளியே விடுவதுதான் அது. நோயாளிகள், உடல்நலம் குன்றியவர்களை ஜாமீனில் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது பிஎன்எஸ்எஸ் 480-ஆவது பிரிவு. முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் விடுவிக்க வழி செய்கிறது 479-ஆவது பிரிவு. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும் பல வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. நெரிசல் குறைந்தால் டாக்டர் விகிதமும் படுக்கை விகிதமும் காசநோயும் சேர்ந்தே குறையும்.

வீட்டில் ஒருவர் உள்ளே இருந்தால் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 'மனு' என்று சொல்லும் சந்திப்புக்குப் போகும்போது, அவர் சாப்பிட்டுவந்த மாத்திரைச் சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி நகல்களைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுத்துமூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதற்குப் பின்னால் சாட்சி இருக்காது.

சிகிச்சை தாமதமானால், வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். சிறையிடமிருந்து மருத்துவ அறிக்கை கேட்கவும், வெளி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லவும் நீதிபதியால் முடியும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், காவலில் இருக்கும் யாருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அது. உதவி எண் 15100.

தகவல் உரிமைச் சட்டத்தில் சாதாரணமாக 30 நாள். ஆனால் ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தரணும். மனுவின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிடுங்கள். இன்னொருவரின் மருத்துவ விவரம் என்று மறுக்க வாய்ப்புண்டு என்பதால், கைதியின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தை இணைப்பது நல்லது.

மரணம் நேர்ந்தால், பிஎன்எஸ்எஸ் 196-ஆவது பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கணும். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குப் புகார் கொடுக்க ஓராண்டுதான் காலம். அதைத் தாண்டினால் ஆணையத்தால் விசாரிக்க முடியாது. புகாரில் 'இயற்கை மரணம்' என்ற சொல்லோடு சண்டை போடுவதைவிட, தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: எப்போது வலி என்று சொன்னார், எப்போது டாக்டர் பார்த்தார், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சொல்லப்போனால், ஒரு சிறை மருத்துவத்தின் தரத்தை மதிப்பிட அரசுக்கும் தேவைப்படுவது அதே மூன்று தேதிகள்தான்.